ஓப்பன் ஹவுஸுக்குப் போன பனியன்காரன்

இன்று காலை அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது வண்டியை எங்கே நிறுத்தினேன் என்பதே மறந்துபோயிருந்தது. அவ்வளவு குழப்பம்!

விஷயம் இதுதான். என் மகள் வர்ஷினி பத்தாவது முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன் வேண்டாமாம். வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு முன்னால் படிக்கிற இன்டர்நேஷனல் கோர்ஸில்தான் சேருவேன் என்று ஒரு மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

பெங்களூரில் இரண்டு வருடம் ஹாஸ்டல். அதற்கப்புறம் எந்த நாடோ!

நான் பெருமாநல்லூரில் முப்பது மெஷின் போட்டு பனியன் தைக்கிறவன். வெளிநாட்டையெல்லாம் அட்டைப்பெட்டி லேபிளில் பார்த்ததோடு சரி.

"ஓப்பன் ஹவுஸ்னு பெத்தவங்களுக்கு ஒரு கூட்டம் போடறாங்க, ஒருக்கா வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேண்டாம்னா நான் பேசவே மாட்டேனுங்க" என்றாள்.

(இந்த 'பேசவே மாட்டேன்' எந்த அர்த்தத்தில் வருகிறது என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.)

வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடுதான் கிளம்பினேன். ஒளிக்க என்ன இருக்கிறது!

மேடையில் கவுன்சிலர் மேடம் (வார்டு கவுன்சிலர் இல்லை, எந்தப் படிப்பு என்று யோசனை சொல்கிறவர்). சென்னைப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்லைடு மேல் ஸ்லைடு. ஃபவுண்டேஷன், கிரெடிட், இன்டேக்...

ஏ லெவல் என்று ஒன்று இருக்கிறதாம். சரி, பி லெவல் எங்கே என்று தேடினேன். இல்லையாம்! ஏ லெவலுக்கு முந்தின வருடம் ஏ.எஸ். லெவலாம்! (எழுத்து கூடினால் படிப்பு குறையுமா?)

பக்கத்து நாற்காலியில் உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், பையனுக்காக வந்திருக்கிறார். மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங், இது ப்ரீ யுனிவர்சிட்டிதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்குங்க நிமிசத்துக்கு ஒருக்கா ஃபீஸு ஃபீஸுங்கறாங்க?"

மனுசன் இலவசம் என்று நினைத்து வந்திருக்கிறார்! வாட்ஸ்அப்பில் தமிழில் 'ப்ரீ' என்று போட்டு அனுப்பினால் அவர்தான் என்ன செய்வார்?

"இது அந்த ப்ரீ இல்லீங்க. யுனிவர்சிட்டிக்கு முன்னாடிங்கற ப்ரீ."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

அடுத்து வந்ததுதான் உச்சம். பரீட்சை எழுதும் முன்னாலேயே வாத்தியார் 'இவ்வளவு வாங்குவான்' என்று ஒரு மார்க் போடுவாராம். அதைப் பார்த்து யுனிவர்சிட்டி சீட் தருமாம். ஆனால் அந்த சீட் நிச்சயம் இல்லையாம்!

இதென்னடா கூத்து என்று தலையைப் பிடித்துக்கொண்டவனுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏம்மா, சாம்பிளைப் பாத்து பையர் ஆர்டர் குடுக்கறாப்பலங்களா இது? அப்பறம் மொத்த சரக்கும் அந்த சாம்பிளாட்டவே வந்தாத்தான் எடுப்பான். இல்லீன்னா இல்ல!"

மேடம் திருதிருவென்று விழித்தார்.

ஆனால் ஹாலில் பாதிப் பேர் பனியன்காரர்கள்! "அட, ஆமாங்!" என்று நாலு பக்கமும் குரல்.

பின்னாலிருந்து ஒரு அம்மா, "அப்ப மார்க்கு கொறஞ்சா என்னங்ண்ணா பண்றது?" என்று என்னைக் கேட்டார். மேடத்தை இல்லை, என்னை!

"ஆல்டர் பண்ணி மறுபடி செக்கிங்குக்கு விடோணுங்க."

"எக்ஸாக்ட்லி சார்! ரீ-சிட்! மறுபடி எக்ஸாம் எழுதலாம்!" என்று மேடம் கைதட்டினார்.

டீ பிரேக்கில் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். சந்தேகம் கேட்டு வந்தவர்களை மேடமே, "அந்த சார்கிட்ட கேளுங்க, நல்லா சொல்றார்" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். (இன்டேக் என்றால் என்னவென்று எனக்கு இப்போதும் தெரியாது!)

உடுமலைக்காரர் கேட்டார்: "அப்ப உங்க புள்ளைய சேத்திட்டீங்களாட்ட இருக்குதுங்?"

கடித்த சமோசாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

வர்ஷினி ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் வந்தாள்.

"எல்லார்த்துக்கும் வெளக்கம் சொன்னீங்கப்பா. எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நான் போகட்டுங்களா, வேண்டாமுங்களா?"

இவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. ஒரு மாதமாக எனக்கு இருந்தது அந்தப் பயம்தான். இந்தப் படிப்பு புரியாமல் இருந்தால் தேவலை என்றுதான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"அங்க காய்ச்சல் கீய்ச்சல்னு படுத்தா யாரு பாத்துக்குவாங்க கண்ணு?"

"நானே பாத்துக்குவேனுங்கப்பா. முடியலீன்னா உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்."

"சரி, அந்த ஃபார்மைக் கொண்டா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு மட்டும் என்ன!

வேகமாக நிரப்பி, கையெழுத்துப் போட்டு, மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் ஃபார்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃபார்மைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அதை வர்ஷினி பக்கம் திருப்பினார்.

'மாணவிக்கு நீங்கள் என்ன உறவு?' என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: புரொப்ரைட்டர்!

இருபது வருடமாக பில், செக், டெலிவரி சலான் என்று எதில் கையெழுத்துப் போட்டாலும் கீழே அதையே எழுதிப் பழகிய கை. நான் என்ன செய்ய!

"ஏனுங்கப்பா, நான் என்ன உங்க கம்பெனிங்களா?" என்று சிரித்துக்கொண்டே என் பேனாவைப் பிடுங்கி, புரொப்ரைட்டரை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே ஃபாதர் என்று எழுதினாள்.

அடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். இந்தத் தடவை கீழே எதுவும் எழுதவில்லை.

பிள்ளையை ஹாஸ்டலில் விட்டவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள். முதல் வாரம் எப்படிச் சமாளித்தீர்கள்?

பிள்ளை எப்படிச் சமாளித்தது என்று கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்கிறேன்!