டிபன் மட்டும்

இரவில் டிபன்தான், சோறு கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் மாமனார் சப்பாத்தியைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். போலீஸில் இருந்தவர் அல்லவா! தட்டை வைத்தால், "இது டிபன்லா, சாப்பாடு எப்பம்மா?" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். டிபன் என்ற சொல்லோடு எனக்கும் பழைய பகை உண்டு.

எங்கள் பக்கத்தில் பன்னிரண்டு இட்லி தின்றாலும் அது டிபன்தான். சோறு உள்ளே போனால்தான் சாப்பிட்டதாகும். பெண் பார்க்க வருபவர்களுக்கு இது பெரிய சௌகரியம். டிபனைத் தின்றுவிட்டுப் போய்விடலாம். சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கு ஏழு குடும்பங்கள் வந்து கேசரியும் பஜ்ஜியும் தின்று, "போயி போன் பண்ணுதோம்" என்று எழுந்து போயின. எனக்கு முப்பது வயதாகியிருந்தது. கேசரி கிளறும் வாசனை வந்தாலே அழுகை வரும்.

எட்டாவதாக அச்சன்புதூரிலிருந்து, இன்று சப்பாத்தியை முறைக்கிற இதே மாமா, தன் மனைவி, மகனோடு வந்தார். சீசன் நேரம். வழியில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வந்திருந்தார்கள். அருவியில் குளித்தவர்கள் பசியைச் சொல்லவா வேண்டும்? பஜ்ஜித் தட்டு நொடியில் காலி. நான் கலந்த மாவில் உப்பு கூடியிருந்தது. மகன் என்னைப் பார்த்து, "தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நானும் சிரித்துவிட்டேன். இவர்களும் டிபனோடு போய்விடக் கூடாதே என்று முதன்முறையாக மனம் அடித்துக்கொண்டது.

மாமா கையைத் துடைத்துவிட்டு அம்மாவிடம், "தங்கச்சி, சோறு இருக்கா?" என்றார்.

அம்மா எடுத்த தட்டைத் திரும்பக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, தெரிஞ்சுதான் கேக்கியளா?"

"தெரிஞ்சுதாம்மா கேக்கேன். வீட்டுக்காரியும் மகனும் கண்ணைக் காட்டியாச்சு. ஆனா புள்ளைல்லா போடணும்." என் பக்கம் திரும்பினார். "தாயி, உனக்கு இஷ்டம்னா ஒரு வாய் போடு. இல்லேன்னா டிபனோட எந்திரிச்சுருதோம். ஒரு வருத்தமும் இல்ல."

வந்துபோன ஏழு குடும்பத்தில் ஒருவர்கூட என் இஷ்டத்தைக் கேட்டதில்லை. அடுப்படிக்குள் ஓடினேன். பேச்சு முடிவாகுமுன் உலை வைக்கக் கூடாது என்று அம்மா சோறே வடித்திருக்கவில்லை. காலையில் நாங்கள் சாப்பிட்டது போக மிஞ்சிய பழைய சோறுதான் பானையில் கிடந்தது. மோரை ஊற்றிப் பிசைந்தேன். இந்த முறை உப்பைப் பார்த்துப் போட்டேன். இரண்டு கும்பாவில் பங்குவைத்து எடுத்து வந்தேன். ஒன்றை மாமாவுக்கு வைத்தேன். மற்றதை, யாரும் சொல்லாமலே, அவர் மகன் முன்னால் வைத்தேன்.