கதவின் வெளிப்பக்கம்

அன்று அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் அக்கா, கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பெயிண்டர். வேறு யாரையும் நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கதை கட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அது அப்பா கட்டிய வீடு. நாங்கள் அதை விட்டு வந்த பிறகு மூன்று குடித்தனங்கள் மாறின. முதலில் ஒரு தையல்காரர், தனிக்கட்டை. அடுத்து ஒரு நர்ஸும் அவளுடைய அம்மாவும். கடைசியில் ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க்கும் அவர் மனைவியும். அப்பா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. காலி செய்கிறவர்கள் வாசல் கதவுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் சாவியைத் தர வேண்டும். தையல்காரர் பச்சை அடித்தார். நர்ஸ் நீலம். கிளார்க் காப்பிக்கொட்டை நிறம்.

மூவரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே காரணத்துக்காகத்தான் காலி செய்தார்கள். இருட்டுகிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கேட்டால் பதில் இல்லை. அந்தப் பேச்சால் அப்பாவின் பெயர் சந்தி சிரித்தது. வீட்டை வாங்க வந்த இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள். மூன்றாமவர் மறுநாள் வருவதாக இருந்தார். அதற்குள் கதவைப் புதிதாக்கி, அந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

பெயிண்டர் கதவின் வெளிப்பக்கத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார்.

"ஐயா, இங்க வந்து பாருங்க."

பெயிண்டில் ஒரு கை பதிந்திருந்தது. சின்னக் கை. ஈரத்தில் அழுத்தியது. என் இடுப்புக்கும் கீழே.

"தெருப் பசங்க வேலை. சுரண்டுப்பா."

அந்தக் கைக்குப் பக்கத்தில் சுரண்டினார். நீலம் தெரிந்தது. அதிலும் ஒரு கை. பள்ளத்தில் மட்டும் காப்பிக்கொட்டை நிறம் தங்கியிருந்தது. அதையொட்டி இன்னும் ஆழமாகச் சுரண்டினார். பச்சை. அதில் ஒரு நீலக் கை. அதே உயரம். அதே அளவு.

"என்னங்கய்யா... குடியிருந்த மூணு பேருக்கும் ஒரே பிள்ளையா?" என்று பெயிண்டர் சிரித்தார்.

மூன்று குடித்தனத்திலும் பிள்ளைகளே கிடையாது.

அக்கா குனிந்து பார்த்தாள். மூன்று கைகளிலும் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"தம்பி... நம்ம குட்டி..."

"பேசாம இரு அக்கா. அடுத்தவங்க முன்னாடி என்ன பேச்சு?"

குட்டி எங்கள் கடைசித் தங்கை. இந்தக் கதவிடுக்கில்தான் அவள் சுண்டுவிரல் நசுங்கிப் பாதி போனது. ஐந்து வயதில் தொற்றுக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இறந்தாள். உடலை வீட்டுக்குத் தரவில்லை. அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். அப்போது நான் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்தேன்.

சாயங்காலத்துக்குள் பெயிண்டர் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை பிரைமர் அடித்து முடித்தார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. மணி ஆறே கால்.

சப்...

ஈரத்தில் உள்ளங்கை படுகிற சத்தம்.

சப்... சப்...

கதவின் கீழ்ப்பாதியிலிருந்து.

"யாரு அது? ஈரம்! கை வைக்காதே!" பெயிண்டர் கத்தினார்.

நின்றது.

பிறகு... மெதுவாக... சப்.

"தம்பி, திறடா" என்றாள் அக்கா.

எனக்குக் கோபம்தான் வந்தது. திறந்தேன். தெருமுனை வரை ஆளில்லை.

"யாரா இருந்தாலும் போ! இனிமே இந்தப் பக்கம் வராதே! போ!"

கதவை அறைந்து சாத்தினேன்.

அக்கா அழுதாள். அம்மா இறந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

போகும்போது பெயிண்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளையில் நாலு கைகள். பாதிச் சுண்டுவிரல். கடைசிக் கை மட்டும் கீழே இழுபட்டிருந்தது... நிற்க முடியாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவது போல.

வீடு திரும்பிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"குட்டி போன அன்னைக்கும் இப்படித்தான்டா தட்டுச்சு. காய்ச்சல் கண்ட வீடு, யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. தெருப் பசங்க வம்பு பண்றாங்கன்னு நெனச்சு அம்மா உள்ளே இருந்தே 'போ, போ'ன்னு விரட்டினாங்க. ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வந்தான்."

"என்ன சொன்னான்?"

"அவ மத்தியானமே போயிட்டாளாம்."

தட்டியது சாயங்காலம்.

நான் விரட்டிய நாளுக்குப் பிறகு அந்தக் கதவை யாரும் தட்டவில்லை. குட்டி எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. வீட்டை மூன்றாமவர் வாங்கிவிட்டார். நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறார்.

அந்த வீட்டுக்குள் ஒரு பேய் இருந்தது என்று தெருவில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவள் ஒருநாளும் உள்ளே வரவில்லை.