கீச்சிடும் பிரேக்கும் வாய் திறக்காத நானும்

"சத்தம் போடுற வண்டியைச் சரி பண்ற இடத்துல, சத்தமே போடாத பொண்ணை உக்கார வெச்சிருக்கீங்களே முதலாளி!"

பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது இது என் காதில் விழுந்தது. சொன்னவர் எங்கள் பட்டறையின் ஹெட் மெக்கானிக் காதர் பாய். பெண் என்றது என்னை. முதலாளியின் பதிலும் கேட்டது. "ஒரு மாசம் பாப்போம் பாய். வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை கேக்கலேன்னா ஸ்பேர் ரூமுக்குள்ள போட்டுடலாம். அதுக்குன்னே டேபிள் ஃபேன் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."

தொண்ணூறுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில், பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு சேர்ந்த வேலை அது. வண்டிக்கு வந்த நோயை வண்டிக்காரர் வாயால் கேட்டு ஜாப் கார்டில் எழுத வேண்டும். எழுதுவது எனக்கு வரும். கேட்பதுதான் வராது. முன் மேஜையில் உட்கார்ந்தால் தெரு தெரியும், வேப்பமரம் தெரியும். உதிரி பாகங்கள் அடைத்து வைத்த ஸ்பேர் ரூமில் ஜன்னல் கிடையாது, எலி உண்டு. போகிறபோதும் வருகிறபோதும் அந்த ஃபேன் பெட்டி பிரிக்கப்படாமல் என்னைப் பார்த்தபடி இருந்தது.

பிரேக் கீச்சிடும் வண்டியை வைத்துக்கொண்டு சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஒன்றும் தெரியாதவர்போல் வானத்தைப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்மவர்தான். அந்த மாதம் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

பட்டறைக்கு வந்ததும் அடங்கிவிடும் வண்டி

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் இருமல் நின்றுவிடும் குழந்தையைப் போல, கீச்சிடும் வண்டிகள் எங்கள் வாசலுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து, ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ஒருவர் தன் காரில் வந்தார். "பிரேக் சத்தம்" என்று எழுதி உள்ளே அனுப்பினேன். காதர் பாய் மூன்று தெரு சுற்றிவிட்டு வந்து கார்டை என் மேஜைமேல் போட்டார். "எங்கம்மா சத்தம்?"

வாத்தியார் மறுநாள் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் நான் கவனித்தது ஒன்றுதான். இரண்டு நாளும் பகலில் வந்தவர், அன்று காலை ஏழரைக்கே வந்துவிட்டார். வண்டியும் கீச்சிட்டபடி வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த வேலையில் என் முதல் கேள்வியைக் கேட்டேன். "ராத்திரி வண்டியை வெளியிலயா சார் நிறுத்தறீங்க?" ஆமாம், மாமரத்தடியில்தான். பனியில் நனைந்த பிரேக்கின் இரும்புத் தட்டில் மெல்லிசாகத் துரு படிகிறது. காலையில் நாலைந்து முறை பிரேக் போட்டால் அதுவே உரசிப் போய்விடுகிறது. இதற்குப் பார்க்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்னு எழுதியிருக்கயோல்லியோ, அதுக்குக் கீழ ஒரு கையெழுத்தும் போட்டுக் குடும்மா. ஆத்துல காட்டணும்."

காலைத் தூக்காத டிரைவர்

வாலாஜாபாத் டாக்ஸிக்காரர் ஒருவர், பட்டுப்புடவை எடுக்க வருகிற கல்யாணக் கூட்டங்களை ஏற்றி இறக்குபவர். "ரெண்டு மாசமா கத்திக்கினு இருக்குதும்மா" என்றார். இந்த முறை கேள்வியை முன்கூட்டியே துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்த்துப் படித்தேன். "பிரேக் போட்டா கத்துதா, போடாதப்ப கத்துதா?"

"அதான் விசேஷம். போடாதப்ப கத்துது, போட்டா கப்சிப். அதனால எப்பவும் லேசா பிரேக்மேல காலை வெச்சிக்கினே ஓட்டறேன். சத்தமே வராது."

உள்ளேயிருந்து காதர் பாய் தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் பிரேக் பேட். அது தேய்ந்து முடியப்போகும் நேரத்தில் தட்டில் உரசிக் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். இவர் காலை வைத்து அதன் வாயை அடைத்திருக்கிறார். அந்தக் காலே மிச்சமிருந்ததையும் தேய்த்திருக்கிறது. கழற்றிய பேட் வெற்றிலை கனத்துக்கு இருந்தது. டிரைவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா வண்டி பாட்டு பாடுதுன்னு நெனச்சேன்பா. என்னைத் திட்டிக்கினு இருந்திருக்குது."

காதர் பாய்க்கு ஒரு டிகிரி

புது பேட் மாட்டிக்கொண்டு போன ஒரு வக்கீலின் வண்டி மறுநாளே கத்திக்கொண்டு திரும்பி வந்தது. காதர் பாய்க்கு அன்று முழுக்க முகம் சரியில்லை. பேட்டைக் கழற்றி, தூசியைத் துடைத்து, பளபளவென்று இருந்த அதன் உரசும் முன்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு பின்பக்கத்து இரும்பில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினார். முன்பக்கத்தில் ஒரு பொட்டுகூடப் படாமல் அவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாட்டியதும் சத்தம் போய்விட்டது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேட் நடுங்குகிறது, அந்த நடுக்கம்தான் கீச்சென்று கேட்கிறது, பின்னால் தடவிய கிரீஸ் நடுக்கத்தை வாங்கிக்கொள்கிறது, மீட்டிய தந்தியை விரலால் தொட்டால் அடங்குவது மாதிரி என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மூன்று வாரத்தில் அவரிடம் நான் பேசிய மொத்தப் பேச்சைவிட அது நீளம். அவர் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தினி நாளா நான் பண்ணிக்கினு இருந்தது பி.எஸ்ஸி.யா? அப்ப உங்க காலேஜ்ல சொல்லி எனக்கும் டிகிரி வாங்குற அங்கி ஒண்ணு தெச்சுக் குடுக்கச் சொல்லு."

எண்ணெய் விட்ட வேன்

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். முதலாளி உள்ளே போனில் இருந்தார். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஏகாம்பரம் அண்ணன் தன் பழைய வேனில் வந்தார். முன்சீட்டில், மடியில் பொங்கல் தவலையோடு மனைவி. பின்னால் மாமியாரும் இரண்டு பெண்களும். மாகறல் கோயிலுக்குக் கிளம்பிய குடும்பம். ஹார்ன் வேலை செய்யவில்லை, அதை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார்.

பட்டறைப் பையன்கள் ஹார்னைச் சரி செய்தார்கள். எனக்குத்தான் மனது சரியாக இல்லை. மூன்று வாரம் முன்பு இதே வேன் தெருமுனையில் திரும்பும்போதே கீச்சிட்டது. இன்று பூனை மாதிரி வந்தது. வந்ததும் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி, வேப்பமரத்துக்குப் பத்தடி இந்தப் பக்கம் போய்த்தான் நின்றது. முன்சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக ஏதோ வழிந்திருந்தது.

"பிரேக் சத்தம் எப்படிண்ணா போச்சு?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நானே சரி பண்ணிட்டேன்! தறிமேல ஜக்கார்டு பொட்டி கீச்சுனு கத்துனா என்னா பண்ணுவோம்? ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். இதுக்கும் அதே டப்பாதான்." சீட்டுக்கடியிலிருந்து நீள மூக்கு எண்ணெய் டப்பாவை எடுத்துக் காட்டினார். "நேத்துதான் ரெண்டு சக்கரத்துக்கும் நல்லா விட்டேன். சத்தம் போன எடம் தெரியல." சாவியைத் திருப்பினார்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியாது. நான் ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "வண்டியை எடுக்காதீங்க! எல்லாரும் எறங்குங்க!" முதலாளி போனைப் பிடித்தபடியே வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாமா இது, நல்ல நேரம் முடியப்போவுது. சத்தமே இல்லாத வண்டியில என்னா கோளாறு?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"அண்ணா, தறியில எல்லாம் வழுக்கிக்கிட்டு ஓடணும், அதனால எண்ணெய். பிரேக் உரசணும். உரசினாத்தான் நிக்கும். நீங்க அதை வழுக்க வெச்சிருக்கீங்க."

பின்சீட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது. "நேத்து டப்பாவும் கையுமா போவசொல்லவே கேட்டேன். இன்ஜினீரு மாதிரி மொறச்சாரு."

"நீ சும்மா இரு அத்தே."

மனைவி தவலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மாமியாரும் பெண்களும் இறங்கினார்கள். "மெதுவா பத்தடி போய், மரத்துக்கு நேரா நிறுத்துங்கண்ணா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார், மரத்துக்கு நேராகப் பிரேக்கை அழுத்தினார். வேன் மரத்தைத் தாண்டி, பழைய டயர் அடுக்கில் மெத்தென்று மோதி நின்றது. மேலிருந்த டயர் ஒன்று உருண்டு வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. மாகறல் வழியில் டயர் அடுக்கு கிடையாது.

குடும்பம் பொங்கல் தவலையோடு பஸ்ஸில் போயிற்று. காதர் பாய் வந்து எண்ணெயில் ஊறிய பேட்களைக் கழற்றிக் குப்பையில் போட்டு, தட்டுகளைக் கழுவிப் புதுசு மாட்டினார். சாயந்திரம் நெற்றியில் விபூதியோடு வேனை எடுக்க வந்த ஏகாம்பரம் அண்ணன், எண்ணெய் டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் மேஜை முன்னால் தயங்கி நின்றார்.

"அப்ப, சத்தம் வந்தா பயப்படணுமா, வராட்டி பயப்படணுமா? அத மட்டும் சொல்லிடும்மா."

மறுநாள் காலை

கத்தாத வண்டியையும் கத்தாத பெண்ணையும் நம்பிவிடக் கூடாது என்பதுதான் அந்த ஒரு மாதத்தில் எங்கள் பட்டறை கற்றது.

சனிக்கிழமை நான் வரும்போது காதர் பாய் டயர்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி ஸ்பேர் ரூமுக்குள் போனார். ஃபேன் பெட்டியைத் தூக்கிவந்து பிரித்தார். அதை என் மேஜைமேல் வைத்து, வேப்பமரத்துப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, சுவிட்சைப் போட்டார்.