கரட்டுக்கு இருபத்தைந்து நிமிடம்

இங்கிலாந்துக்காரர் ஒரு கரட்டை இரண்டு தரம் கொல்வார்கள். முதல் நாள் தோலைச் சீவி, துண்டு போட்டு, விடியும்வரை பச்சைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். அடுத்த நாள் அதே தண்ணீரில் அவித்து, மிச்சமிருந்த ருசியும் இறங்கியபிறகு, தண்ணீரை வடித்துத் தொட்டிக்குள் ஊற்றுவார்கள். பிறகு ஒரு டின்னைத் திறந்து, தூளை எடுத்துச் சுடுநீரில் கரைத்து, அதற்குக் கிரேவி என்று பெயர் சொல்லி எல்லாவற்றுக்கும் மேலே ஊற்றுவார்கள். கேள்விப்பட்ட கதை இல்லை. நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் என் வீட்டில், என் அடுப்பில், என் சம்பந்தியம்மா செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவரைக் கூப்பிட்டதும் நான்தான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் ஒரே மகள் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். கட்டியது இங்கே வேலைக்கு வந்த ஓர் இங்கிலாந்துப் பையனை. இருவரும் ரொம்சோஸில், எங்களுக்குக் கார் எடுத்தால் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. மகள் பிள்ளைத்தாய்ச்சி. மருமகனுக்கு அவனுடைய ஊரில், இங்கிலாந்தின் வடக்கே, நல்ல வேலை ஒன்று வந்திருக்கிறது.

"போறதோ விடுறதோ எண்டு புது வருசத்துக்கு முதல் முடிவெடுக்கிறம் அம்மா," என்றாள் மகள்.

முதல் பேரப்பிள்ளை. பிள்ளைப்பேற்றுக்குச் சரக்குத்தூள் இடிக்க வேண்டிய சாமான்களைத் தமிழ்க்கடையில் வாங்கி, வறுத்துக்கூட வைத்துவிட்டேன். வேலையிடத்தில் மே மாதத்துக்கு லீவும் கேட்டாகிவிட்டது. இந்த நேரத்தில் போகாதே என்று அழுது சொல்லலாம்தான். ஆனால் இங்கே பிறந்த பிள்ளையிடம் அழுதால், "அம்மா, நீங்கள் எனக்கு பிரெஸ் குடுக்கிறியள்," என்பாள். பிரெஸ் என்றால் நெருக்குதல். பெற்ற தாயின் கண்ணீருக்கு இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அப்படியொரு பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நான் அழவில்லை. யோசித்தேன்.

மகள் மாமியார் வீட்டுக்கு இரண்டு தரம் போயிருக்கிறாள். இரண்டு தரமும் அவர்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். வீட்டுச் சமையலை அவள் கண்டதில்லை. லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் தங்கச்சி அந்தச் சமையலைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறாள். சம்பந்தியை நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, கூப்பிட்டு, "உங்கள் ஊர் விருந்தை நீங்களே சமையுங்கோ" என்று குசினியைக் கொடுத்துவிட்டால் போதும். வாழ்நாள் முழுக்க என்ன சாப்பிடப் போகிறாள் என்பதை மகள் தானே கண்டுகொள்வாள். நான் வாயே திறக்கத் தேவையில்லை.

என் மனுசனிடம் சொன்னேன்.

"வேலியாலை போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விடுறீர்," என்றார் அவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. கூப்பிட்டாச்சு," என்றேன்.

சம்பந்தியம்மா வந்து இறங்கினார். எழுபது வயது, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நல்ல உயரம், குளிரில் சிவந்த கன்னம். எல்லோரையும் "லவ்" என்று கூப்பிடுவார். என் மனுசனை முதல் தரம் அப்படிக் கூப்பிட்டபோது அவர் சேட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டார். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது கிரேவித்தூள் டின். அடுத்தது புதினா சோஸ் போத்தல். மூன்றாவது, துவாயில் சுற்றிய தோல் சீவும் கத்தி. நோர்வேயில் கத்தி கிடையாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருடம் நத்தார் வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளி எனக்கு மரக்கறி நாள், முட்டைகூடத் தொடமாட்டேன். இதைக் கேள்விப்பட்டு அவர், வருவதற்கு முதலே, என் மகளுக்கு மூன்று தரம் போன் எடுத்திருக்கிறார். அம்மா வெண்ணெய் சாப்பிடுவாரா? இறைச்சி வேகிற ஓவனுக்குள் அவருடைய உருளைக்கிழங்கை வைக்கலாமா? எனக்கென்று இறைச்சி சேராத கிரேவித்தூள் தனி டின்னில் கொண்டுவந்திருந்தார். கெட்ட மனுசி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நல்ல மனுசி கெட்ட சாப்பாடு தந்தால்தான் கரைச்சல், மனம்விட்டுத் திட்டவும் முடியாது.

வந்த அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கடதாசியை ஒட்டினார். இரண்டு மணிக்குச் சாப்பாடு. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதியிருந்தது. பத்தே முக்காலுக்கு வான்கோழி உள்ளே. ஒன்று இருபதுக்குக் கரட் அடுப்பில், ஒன்று நாற்பத்தைந்துக்கு இறக்க வேண்டும். நல்ல நேரம் பார்ப்பதில் எங்களை யாரும் வெல்ல முடியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நாங்கள் கலியாணத்துக்குப் பார்க்கிறோம், அவர் கரட்டுக்குப் பார்க்கிறார். அதிலும் வான்கோழிக்கு வைத்த நேரம் சரியான இராகு காலம். அதை நான் சொல்லவில்லை.

இருபத்தினான்காம் திகதி மதியம் எல்லோரையும் சாப்பாட்டு மேசையில் இருத்தினார். சாப்பிடுகிறவர் எல்லோரும் மரக்கறி சீவ வேண்டும், அது அவர்கள் வீட்டு வழக்கமாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து குசினிக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே வந்த என் மனுசன் கையில் ஒரு கத்தி. அவருக்குக் கிடைத்தது ஸ்பிரவுட்ஸ், நெல்லிக்காய் அளவில் இலை சுற்றி உருண்டிருக்கிற குட்டிக் கோவா. ஒவ்வொன்றின் அடியிலும் சிலுவை மாதிரி ஒரு கீறல் போட வேண்டும். ஏன் என்று மனுசன் கேட்டார். சம்பந்திக்குத் தெரியவில்லை, தன் அம்மா போடுவார் என்றார். எனக்குத் தெரிந்தது. அவிக்கப்போகிற அவிப்பில் அது உயிர் தப்பாது, அதனால் சிலுவையை முதலே போட்டுவிடுகிறார்கள்.

மருமகனுக்கு உருளைக்கிழங்கு. மகளுக்குக் கரட். எனக்கு ஒன்றும் இல்லை. "வருசம் முழுக்க நீங்கள் சமைக்கிறீர்கள், இன்றைக்கு இருங்கள்," என்று ஒரு கோப்பை தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். ஒரு முதியோர் இல்லக் குசினியில் உருளைக்கிழங்கு அவித்தே இந்த நாட்டில் வீடு வாங்கியவள் நான். என் வீட்டிலேயே என்னை விருந்தாளியாக்கிவிட்டார்.

மகள் வெட்டின கரட்டைப் பார்த்தேன். ஒன்று கட்டைவிரல் அளவு, ஒன்று தடியன், ஒன்றுக்கு ஒரு பக்கம் தோல்கூடப் போகவில்லை. வெட்டிக்கொண்டே மருமகனோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி எட்டிப் பார்த்தார். "லவ்லி" என்றார். எல்லாவற்றையும் அப்படியே வழித்துச் சட்டிக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார்.

லவ்லியாம்! எங்கள் குசினியில் வெட்டு என்பது விளையாட்டு இல்லை. வறைக்கு லீக்ஸ் நூல் மாதிரி விழ வேண்டும். பால்கறிக்குப் போஞ்சி ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று கரையும், ஒன்று கடிபடும். மகள் பத்து வயதில் ஆசையாகப் போஞ்சி வெட்டித் தந்தாள், நான் திரும்ப வெட்டினேன். பதினாறு வயதில் கோவா வெட்டினாள், அதையும் திரும்ப வெட்டினேன். பிறகு அவள் குசினி வாசலுக்கு வரும்போதே, "விடு பிள்ளை, நான் செய்யிறன், நீ போய்ப் படி," என்று சொல்லப் பழகிவிட்டேன். அவளும் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள்.

இருட்டுகிறதற்கு முன்னால் பனியில் நடந்துவிட்டு வரலாம் என்று நான்கு பேரும் புறப்பட்டார்கள். சாமிக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். விளக்கு வைத்தேன். பிறகு கரட் சட்டியின் மூடியைத் திறந்தேன்.

என் திட்டப்படி பார்த்தால் நான் அதைத் தொட்டிருக்கவே கூடாது. அது கெட்டுப்போவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் கை கேட்கவில்லை. மகள் வெட்டினதை நாலு பேர் பார்க்கிற மேசையில் அப்படி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து, வறைக்கு வெட்டுகிற மாதிரி மெல்லிய குச்சியாக வெட்டி, திரும்பத் தண்ணீருக்குள் போட்டு மூடினேன். பிழை செய்கிறேன் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. உதவி என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் அடுப்புக்குப் பொறுப்பு என் மனுசன். சம்பந்தி அவரைக் கடதாசிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். ஸ்டேசன் மாஸ்டர் மாதிரி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். ஒன்று இருபதுக்குக் கரட் சட்டியின் அடுப்பைப் போட்டார். ஒன்று நாற்பத்தைந்துக்கு நிறுத்தினார். மூடியைத் திறந்து பார் என்று கடதாசியில் எழுதியிருக்கவில்லை, அதனால் திறக்கவில்லை. நான் பட்டுச்சீலை உடுத்திக்கொண்டிருந்தேன்.

சரியாக இரண்டு மணிக்கு மேசைக்கு வந்தோம். அவர்கள் ஊர் நத்தார் வழக்கப்படி தலையில் வைக்கக் கலர் கடதாசிக் கிரீடமும் தந்தார்கள். ஸ்பிரவுட்ஸ் சாம்பல் பூத்துக் கிடந்தது, அதன் மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். எதிலும் உப்பு இல்லை. உப்பு தனியாக ஒரு சின்னப் போத்தலில் மேசையில் இருந்தது, வேண்டுமென்றால் தூவிக்கொள்ளலாமாம். எனக்கென்று தனித்தட்டில் எண்ணெயில் வாட்டிய உருளைக்கிழங்கு மட்டும் மொறுமொறுவென்று இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றையும் ஆசையாக எடுத்துச் சாப்பிட்டாள்.

பிறகு சம்பந்தி தண்ணீரை வடிப்பதற்கென்று கரட் சட்டியைத் திறந்து, அகப்பையை விட்டு அள்ளினார். வந்தது களி. தண்ணீரும் கரட்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிட்டது. அவருடைய கன்னம் இன்னும் சிவந்தது. அகப்பையை வைத்துவிட்டு மகளைப் பார்த்து ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னார். என்னுடைய அரைகுறை ஆங்கிலத்துக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. மகள் அகப்பையில் ஒட்டியிருந்ததை முள்ளுக்கரண்டியால் தூக்கிப் பார்த்தாள். கரையாமல் தப்பிய நாலைந்து குச்சிகள், ஒரே அளவில், மெல்லியதாக. அந்த வெட்டை அவளுக்குத் தெரியாதா! தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள், ஒரு சொல்லும் விடாமல், நிதானமாக.

"மன்னிச்சுக்கொள்ளச் சொல்லுறா. தான்தான் நேரத்தைப் பிழையா எழுதிப்போட்டாவாம். வயசு போட்டுதாம். இண்டைக்கு உங்களுக்கு மரக்கறி மட்டும்தானே, அதையும் கெடுத்துப்போட்டன் எண்டு சரியான கவலையா இருக்காம்."

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். எனக்கு நேரம் தந்தாள் என்பது இப்போது விளங்குகிறது. என் மனுசன் கடதாசிக் கிரீடத்தோடு மணிக்கூட்டைப் பார்த்தார். மருமகன் தாயின் தோளில் கை வைத்திருந்தான். ஒரு வசனம் போதும், "நான்தான் திரும்ப வெட்டினனான்." எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

நான் பெரிய மனம் பண்ணிச் சொன்னேன்: "பரவாயில்லை, நான் ஒண்டும் நினைக்கேல்லை எண்டு சொல்லு."

மகள் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். சம்பந்தி என் கையைப் பிடித்து அழுத்தினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

மகள் தன் தட்டைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல், தமிழில் சொன்னாள்: "அம்மா, நாங்கள் மார்ச்சிலை போறம். பிள்ளை அங்கை பிறக்கட்டும்."

தமிழ் விளங்காத சம்பந்தி, அவள் என்ன சொன்னாள் என்று என் முகத்தைப் பார்த்து, பிறகு அவளிடமே கேட்டார். மகள் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கரட் வேண்டுமாம் என்றாள்.

அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு அகப்பை நிறைய அள்ளி என் தட்டில் போட்டார். அந்த மேசையில் அழுகிற உரிமை எனக்கு இருக்கவில்லை. உப்பும் போடாமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.