ஓவசியரின் குதிரையும் மருதமர வளைவும்

என் ஸ்கூட்டியில் ஹோன் இருக்கிறது, அடிக்காது. அதற்குப் போகிற வயரை நானே பிடுங்கி விட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை சேர்விஸுக்கு விடும்போதும் ஏறாவூர் கராஜ்காரர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். "மிஸ், ஹோன் வயர் கழண்டு கிடக்கு. பூட்டி விடட்டா?" என்பார். வேண்டாம் என்பேன். பொலிஸ் பிடித்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பார். பொலிஸ்காரருடைய பிள்ளைக்கும் நான்தான் நிறை பார்க்கிறேன், பிடிக்கமாட்டார் என்று சொல்லிச் சமாளிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே வயர் முனையை மறுபடி உள்ளே தள்ளிவிடுவார். பதினான்கு வருடமாக இந்த நாடகம் நடக்கிறது. உண்மையான காரணத்தை அவருக்கு மட்டுமல்ல, எவருக்கும் நான் சொன்னதில்லை. இந்த வருடம்தான் சொல்லும்படி ஆயிற்று.

நான் குடும்பநல உத்தியோகத்தர். அவ்வளவு நீளமான பெயரைக் கூப்பிட எங்கள் சனங்களுக்கு நேரமில்லை. மிட்வைப் மிஸ் என்றார்கள், பிறகு அதுவும் சுருங்கி வெறும் மிஸ் ஆகிவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை என்று சொல்லப்படுகிற நிலத்தில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வயல் கிராமத்துக்கு என்னைப் போட்டார்கள். எனக்கு முன் வந்த இருவரும் சில மாதங்களிலேயே இடமாற்றம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிறகு ஒன்றரை வருடம் அந்தக் கரைக்கு மிட்வைப் என்று யாரும் இல்லை. வலி கண்ட பெண்களை உழவு மெசினில் ஏற்றி, தோணி பிடிக்க வாவித் துறைக்குக் கொண்டுபோன காலம் அது. சில பிள்ளைகள் தங்கவில்லை. பன் என்கிற கோரைப்புல்லை வெட்டிப் பாய் இழைக்கிற ஓர் அக்கா தன் முதல் பிள்ளையை அப்படித்தான் இழந்திருந்தா. நான் போய் இறங்கிய முதல் நாள் அவ என் பையைப் பார்த்தா, என் சப்பாத்தைப் பார்த்தா, பிறகு ஒன்றே ஒன்று கேட்டா. "நீங்களாவது இரிப்பீங்களா மிஸ்?"

ஓம் என்றேன். அப்போது அது வாய்க்கு வந்த பதில். ஆறு மாதத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்பதுதான் என் மனக்கணக்கு.

ஊரிலிருந்து வாவிக் கரைக்குப் போக ஒரே வழி வாய்க்கால் கட்டு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வட்டை என்று நாங்கள் சொல்கிற வயல்வெளி. நடுவில் ஓர் உழவு மெசின் போகிற அகலத்துக்குக் கிரவல் பாதை. எருமை, சைக்கிள், மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், தலையில் பன்கட்டோடு வரும் பெண்கள் எல்லாருக்கும் அந்த ஒரு பாதைதான். எழுதாத சட்டங்கள் சில இருந்தன. சுமையோடு வருபவருக்குக் கட்டின் நடு, வெறுங்கையோடு வருபவர் சரிவில் இறங்கி நிற்க வேண்டும். எருமைக்கு மட்டும் ஹோன். கட்டையாக இரண்டு, நீட்டாக ஒன்று அடித்தால் அவை தாமாகவே வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். பட்டிக்காரர் அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள். வந்த முதல் வாரமே நானும் அந்தத் தாளத்தைப் படித்துக்கொண்டேன். கட்டில் எருமையைக் கண்டால் என் பெருவிரல் என்னைக் கேட்காமலே அமத்திவிடும்.

அந்தக் கட்டில்தான் ஓவசியர் குதிரையில் வருவார். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக, வாய்க்கால் வேலைகளை மேற்பார்வை செய்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டணத்துப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். வேலை பார்த்த ஊரிலேயே காணி வாங்கி, மனைவியை அடக்கம் செய்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். வேலைக் காலத்தில் ஜீப் பிரண்டு இடது இடுப்பு போய்விட்டது. பொல்லை ஊன்றி ஐம்பது அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அவருக்கு யாரோ நுவரெலியாவிலிருந்து லொறியில் அந்த மண்ணிறப் பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிய குதிரை. அங்கே ஒரு பஸ் இடித்த பிறகு ஹோன் சத்தம் கேட்டால் மிரளத் தொடங்கியதால் விற்றுவிட்டார்களாம். வீட்டு வாசலில் ஒரு மதகுக் கட்டை போல சீமெந்தில் மேடை கட்டி, அதில் ஏறித்தான் குதிரையில் உட்காருவார். தரையில் அவரைப் பார்த்தவர்களுக்குக் குதிரையில் பார்த்தால் நம்பமுடியாது. முதுகு நிமிர்ந்திருக்கும். காலையில் வாவிக் கரை வரை போய், தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக் கதவுகளை ஒரு தரம் பார்த்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்புவார். துருசைப் பார்க்க அவரை யாரும் கேட்கவில்லை. "அந்த ஒரு மணித்தியாலம்தான் மிஸ் எனக்குக் கால் இரிக்கு" என்று ஒருநாள் சொன்னார்.

வழியில் காண்கிறவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். குதிரையைக் கண்டால் ஹோன் அடிக்காமல் வாகனத்தை நிப்பாட்டி, எதையாவது வாய்விட்டுப் பேச வேண்டும். மனிசக் குரல் கேட்டால் அதற்குப் பயம் போய்விடும். முதலில் சனம் வெட்கப்பட்டது. பிறகு பார்த்தால் அதுவே வழக்கமாகிவிட்டது. மீன்காரர் அன்றைய கணவாய் விலையைக் குதிரைக்குச் சொல்வார். பெண்கள் கல்யாணப் பேச்சைச் சொல்வார்கள். நான், எந்த வீட்டில் என்ன பிள்ளை, என்ன நிறை என்று சொல்வேன். குதிரை காதை ஆட்டிக் கேட்கும். மேலே இருந்து ஓவசியரும் கேட்பார். நிறை குறைந்த பிள்ளை என்றால் அடுத்த நாள் மறக்காமல் விசாரிப்பார். ஊர் திரும்புகிற நினைப்பு என்னிடமிருந்து எப்போது போனது என்று கேட்டால், அந்தக் காலைப் பேச்சுகளில்தான் எங்கோ போயிருக்க வேண்டும்.

அன்று கிளினிக் நாள். எனக்கு நேரம் பிந்திவிட்டது. நிறை பார்க்கிற தராசு ஸ்கூட்டியின் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. வாவிப் பக்கம் போகையில் கட்டு ஒரு பெரிய மருதமரத்தைச் சுற்றி வளையும். வளைவுக்கு இந்தப் பக்கம் நாலைந்து எருமைகள் பாதையை அடைத்து நின்றன. வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. ஓவசியர் வருகிற நேரம்தான் அது என்பது எனக்குத் தெரியும். அதை நினைக்காமலில்லை. நினைத்து முடிப்பதற்குள் விரல் அமத்திவிட்டது. கட்டையாக இரண்டு, நீட்டாக ஒன்று. எருமைகள் ஒழுங்காக வாய்க்காலில் இறங்கின. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

பன்கட்டோடு வந்த அக்காதான். மிரண்டு பக்கவாட்டில் பாய்ந்த குதிரை இடித்து, சுமையோடு சரிவில் உருண்டு, வாய்க்கால் கல்லில் விழுந்து கிடந்தா. வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்திருந்தது. ஓவசியர் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதை அடக்கப் பாடுபட்டார். இறங்கி உதவவும் முடியாது அவரால். நான் அந்தப் பன்னிலேயே ஒரு பிடி எடுத்து, கையை நேராக்கி வைத்து, என் சால்வையால் வரிந்து கட்டினேன். வயலில் நின்றவர்கள் ஓடி வந்து உழவு மெசினில் ஏற்றினார்கள். ஏற்றும்போதே எல்லாரும் சொன்னது, மிஸ் அந்த நேரம் அங்கே இருந்தது பெரிய புண்ணியம் என்று. நான் அதை மறுக்கவில்லை. கை கழுவத் தண்ணீர் தந்தார்கள், வாங்கிக் கழுவினேன்.

அடுத்த கிழமை கோயிலடி மரத்தின் கீழ் கூட்டம். வயல் காரியங்களைப் பார்க்கிற வட்டை விதானையார் நடுவில் இருந்தார். அக்காவின் புருசன் கோபமாக இருந்தார். பாய் இழைத்துச் சீவிக்கிற கை, அது கோணலாகிப் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. எருமையும் மெசினும் போகிற பாதையில் குதிரை மட்டும் என்ன குற்றம் செய்தது என்று இரண்டொருவர் ஓவசியருக்காகப் பேசினார்கள். விதானையார் என் பக்கம் திரும்பி, "மிஸ், நீங்க கிட்டத்தானே நிண்ட. என்ன கண்ட?" என்று கேட்டார்.

"நான் வளைவுக்கு இஞ்சால நிண்ட. விழுந்த பிறகுதான் கண்ட" என்றேன்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். என் வேலை, என் பெயர், என்னை நம்பி வீட்டுக்குள் விடுகிற பெண்கள் என்று ஆயிரம் காரணம் அந்த நேரம் மனதில் ஓடியது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது வெறும் பயம். ஓவசியர் பொல்லில் சாய்ந்து நின்றபடி என்னைப் பார்த்தார். ஹோன் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் விதானையாரிடம் திரும்பி, "குதிரை என்ட. பிழையும் என்டதான். இனிக் கட்டுக்கு வராது" என்றார். கூட்டம் கலைந்தது.

குதிரை கொஞ்சக் காலம் அவர் வளவில் நின்றது. பிறகு பாசிக்குடாப் பக்கம் யாரோ கொண்டுபோனார்கள். ஓவசியர் பொல்லை ஊன்றிக்கொண்டு கட்டுக்கு நடந்து பார்த்தார். முதலாவது மதகு வரைதான் முடிந்தது. மதகுச் சுவரில் குந்திக்கொண்டு வாவி இருக்கிற திசையைப் பார்ப்பார். அங்கிருந்து வாவி தெரியாது. நான் ஸ்கூட்டியில் அவரைக் கடந்து வாவிக் கரைக்குப் போய் வருவேன். எந்த நாளும் நிறுத்தினேன், பிள்ளைகளின் நிறையைச் சொன்னேன், அவரும் கேட்டார். அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். ஹோன் வயரைப் பிடுங்கியது அந்த நாட்களில்தான். யாருக்கு என்ன பிரயோசனம் அதனால்?

இரண்டு மாரி கழிந்து, மகள் அவரைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஒருநாள் சொல்லியே விடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் மெலிந்து கிடந்தார். நான் வாயைத் திறக்க முதலே, "இந்த மாசம் எத்தின பிள்ள மிஸ்?" என்று கேட்டார். சொன்னேன். நிறையெல்லாம் கேட்டார். எழும்பும்போது என் கையைப் பிடித்து, "இருங்க மிஸ். போயிடாதீங்க" என்றார். வருத்தக்காரர் விருந்தாளியிடம் சொல்கிற சொல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்னும் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன், சொல்லவேண்டியதைச் சொல்லாமலே. அடுத்த மாதம் அவர் இல்லை.

இந்த வருடம் கோயிலடியில் மறுபடி ஒரு குதிரைப் பேச்சு. வாவிக் கரையில் புதிதாகக் கட்டிய விடுதிக்காரர், வருகிற ஆட்களைக் கட்டுவழியாகக் குதிரையில் கூட்டிப்போக அனுமதி கேட்டிருந்தார். வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். காரணமாக ஓவசியரின் குதிரையை இழுத்தார்கள். பதினான்கு வருடத்தில் கதை நன்றாக வளர்ந்திருந்தது. அது விசர்க் குதிரை, கண்டபடி கடிக்கும் என்றார் ஒருவர். குதிரையில் என்ன பிழை, பறங்கியர் காலையிலேயே குடித்துவிட்டு ஏறினவர் என்றார் இன்னொருவர். அன்றைக்குப் பிறந்தேயிராத பிள்ளைகள் தலையாட்டின. ஓவசியர் குடித்து ஒருவரும் கண்டதில்லை. எழும்பிவிட்டேன்.

அன்றைக்கு ஹோன் அடித்தது நான் என்றேன். வளைவில் வருகிறார் என்று தெரிந்தும் அடித்தேன், கேட்டபோது மறைத்தேன் என்றேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவவின் புருசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மெல்ல எழும்பினா. கோணிப்போன கையை மற்றக் கையால் பிடித்திருந்தா.

"எனக்குத் தெரியும் மிஸ். ஹோன் கேட்டுத்தானே குதிரை பாஞ்ச" என்றா. "ஆஸ்பத்திரியில நான் கிடக்கக்குள்ள ஓவசியர் ஐயா மகள்ட காரில வந்தவர். கதிரையில இருக்கவும் ஏலாம நிண்டுகொண்டு சொன்னார். 'தங்கச்சி, குதிரை போனா நான் ஒருத்தன்தான் நடக்கமாட்டன். மிஸ் போனா, மறுகா இந்தக் கரைக்கு ஆரு வாற? உன்ட முதல் பிள்ளைய நினைச்சுப் பாரு' எண்டார். நான் இவருக்கும் சொல்லல்ல" என்று புருசனைக் காட்டினா.

பிறகு என்ன பேசினார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. விடுதிக்காரரின் விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள் என்று நினைக்கிறேன். நான் என் பயத்தை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, இரண்டு பேர் என்னைக் காவல் காத்திருக்கிறார்கள். ஒருவர் தன் காலைக் கொடுத்தார், மற்றவ தன் கைக்கு நியாயம் கேட்காமல் விட்டா. அதற்குப் பிறகு அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் நிறை பார்த்தேன். மூத்தவள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரி. போயிடாதீங்க என்று அவர் என் கையைப் பிடித்துச் சொன்னது கட்டிலருகே இருக்கச் சொல்லியல்ல என்று விளங்க, எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

போன கிழமை ஸ்கூட்டியைச் சேர்விஸுக்கு விட்டேன். கதை ஏறாவூர் வரை போயிருக்க வேண்டும். கராஜ்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தொங்கிய வயரை எடுத்து, மழைத்தண்ணீர் போகாமல் முனைக்குக் கறுப்பு டேப் சுற்றி, உள்ளே வைத்து மூடினார். "இது இப்படியே இரிக்கட்டும் மிஸ்" என்றார்.

திரும்பி வரும்போது மருதமர வளைவில், எப்போதும்போல எஞ்சினை நிறுத்தினேன். இந்தக் கிழமை பிறந்தது மூன்று பிள்ளைகள். மூவரின் நிறையையும் வாய்விட்டுச் சொன்னேன். ஒன்று கொஞ்சம் குறைவு, கவனிக்க வேண்டும் என்றும் சொன்னேன். பிறகு, "நான் இருக்கிறன் ஓவசியர், போகல்ல" என்றேன். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்கூட்டியை எடுத்தேன்.