வலிக்காத சிறுநீரகம்

இந்த ஜெர்மன் நகரத்து மருத்துவமனையில், நலம் விசாரிப்பதற்கு முன்பே கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்துவிடுகிறார்கள். சிறுநீர் பிடித்து, எல்லோரும் பார்க்க, சுவரோரத் தட்டில் வைக்க வேண்டும். முதல் தடவை கூச்சத்தில் அதைக் கைக்குட்டையில் பொதிந்து நீட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் ஏதோ அன்பளிப்பு என்று நினைத்து நன்றி சொன்னாள்.

எனக்கு லூபஸ் இருப்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தபோது கன்னங்களில் சிவந்த தடிப்பும் விரல் மூட்டுகளில் வலியும் வந்தன. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் இது என்று பாளையங்கோட்டை மருத்துவர் விளக்கினார். வெயில் ஆகாது என்றார். அன்றிலிருந்து பஸ் ஏறும் இடம்வரை அம்மா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவாள். என்னைப் பொறுத்தவரை லூபஸ் என்றால் வெயிலும் வலியும்தான். வெயிலே இல்லாத நாட்டுக்கு மாப்பிள்ளை அமைந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி.

போன குளிர்காலத்தில் சிறுநீரில் புரதம் இறங்குவது தெரிந்தது. மருத்துவர் என் கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. வலி உண்டா என்றார். இல்லை என்றேன். "ஷௌம்?" என்றார். அந்தச் சொல்லை சோப்பு டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன். வாரந்தோறும் கழிப்பறையைக் கழுவிவிடுகிறேன் என்று பதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் ஒரு கோப்பை வரைந்து அதன்மேல் குமிழ்களை இட்டார். ஷௌம் என்றால் நுரை என்று அப்போதுதான் புரிந்தது. பல வாரங்களாக நான் பார்த்து, கழுவும் திரவத்தின்மேல் பழி போட்டிருந்த நுரை அது.

"சிறுநீரகம் வலிக்காது. அதனால்தான் தேடிப் பார்க்கிறோம்" என்றார். கேடு இருப்பதைச் சிறுநீரும் இரத்தமும் சொல்லிவிடும். எந்த வகை, எவ்வளவு தூரம் என்பதைச் சிறுநீரகத்திலிருந்து எடுக்கும் சதைத் துணுக்குதான் சொல்லுமாம். இந்த வருஷம் குழந்தைக்கு ஆசைப்படுகிறோம் என்றேன். "முதலில் இது" என்றார். ஊரில் லூபஸோடு இருக்கும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

பயாப்ஸி அன்று குப்புறப் படுக்க வைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பாபநாசத்து ஆற்றில் முங்கிக் கிடந்து அக்காவை ஜெயித்த மூச்சு அது. முதுகில் ஊசி 'டக்'கென்று இறங்கியது. முடிவு வந்தபோது, அழற்சி கடுமை, ஆனால் தழும்பு குறைவு, மருந்துக்குக் கேட்கும் என்றார்கள். மருந்து கடுமையானது, நோய் அடங்கும்வரை குழந்தை கூடாது. திரும்பும் ட்ராமில் என் கணவர் செல்வம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"எடுத்த சதைய என்னட்டி செஞ்சாங்க?"

"மெழுகுல பொதிஞ்சு அவங்களே வச்சிருக்காங்கம்மா. பின்னால தேவைப்பட்டா பாக்கதுக்கு."

"கேட்டு வாங்கிரக் கூடாதா?"

"தர மாட்டாங்கம்மா."

அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீ என்னைக்காவது ஊருக்கு வந்துருவ. அது அங்கன தனியால்லா கெடக்கும்" என்றாள்.

நானும் இங்கேதானே அம்மா கிடக்கிறேன் என்று வாய்வரை வந்தது. மாத்திரை போட நேரமாயிற்று என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.