கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி

கோகிலவாணிக்கு ஊசி என்றால் பயம். சும்மா முகம் சுளிக்கிற பயம் இல்லை. தருமபுரியில் அவள் கல்லூரியில் படித்தபோது ரத்ததான முகாம் வைத்தார்கள். விரலில் குத்தி ஓ நெகட்டிவ் என்று சொன்னதுமே அவளுக்குக் கண் இருட்டிவிட்டது. பேரையும் ஊரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தவள், கட்டிலில் படுக்கச் சொல்வதற்குள் பின்பக்க கேட் வழியாக நழுவி இண்டூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஏழு வருஷம் கழித்து அவளுக்கு வேலை கிடைத்த இடம், அந்த முகாமை நடத்திய அதே அறக்கட்டளை. இதைத்தான் தலையெழுத்து என்பது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டால், அந்த வகைக்காரர்களில் நாலு மாதத்துக்குள் கொடுத்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தர வேண்டும். நாற்பதாயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் பழைய பதிவு முழுவதையும் முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், பதில் சொல்ல நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது. எதிரே நிற்பவர்களுக்கு அந்த நாலு நிமிஷம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நீயே கத்துக்கிட்டு இத வேகமாக்கிக் குடும்மா," என்றார் நிர்வாகி டேவிட்ராஜ்.

கற்றுக்கொண்டாள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்பதைப் புதிர்களாகவே சொல்லித்தரும் ஆப் ஒன்று. தினமும் பஸ்ஸில் ஒரு புதிர். ஒரு புதிர் அவளை இரண்டு நாள் படுத்தியது. முப்பத்தைந்துக்குக் கீழே மார்க் எடுத்தவர்கள் யார்? பரீட்சைக்கே வராதவன் பேர் அதில் வரவில்லை. மேலே எடுத்தவர்கள் யார் என்று கேட்டாலும் வரவில்லை. கட்டம் காலியாக இருந்தால் அது குறைவும் இல்லை, அதிகமும் இல்லை. எந்தக் கேள்விக்கும் தலைகாட்டாது. கட்டம் காலியாக இருப்பவர்களும் வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும்.

அந்த வரி அலுவலகக் கேள்வியில் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் ஓ நெகட்டிவ் கேட்டபோதெல்லாம், ஒருமுறைகூட ரத்தம் கொடுக்காமல் தேதிக் கட்டம் காலியாக இருந்த கோகிலவாணியின் பேரும் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் பிரிண்ட் எடுக்குமுன் தன் பேரை அழித்துவிடுவாள். வேறு யாராவது கிடைத்துவிடுவார்கள், கிடைத்தும் வந்தார்கள்.

புத்தகத்துக்குப் பொருளடக்கம் போல, பதிவுக்கு இண்டெக்ஸ் போட்டதும் நாலு நிமிஷ வேலை இருபது நொடியாகக் குறைந்தது. காலிக் கட்டத்துக்கான அந்த வரியையும் நீக்கிப் பார்த்தாள். ஒரே நொடி. அவள் பேரும் காணாமல் போனது. வேகத்துக்காகத்தான் எடுத்தேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். டேவிட்ராஜ் எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார். அவள் தன் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை மாரண்டஹள்ளியைச் சேர்ந்த தர்மன் என்பவன் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தான். மனைவி காவியாவுக்குக் குழந்தை பிறந்து ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ், இன்னும் ஒரு யூனிட் உடனே வேண்டும்.

ஒரு நொடியில் பதில் வந்தது. யாரும் இல்லை. வழக்கமாகக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் போன மாதம்தான் கொடுத்திருந்தார்கள்.

"யாருமே இல்லீங்களா மேடம்? வூட்டுல மூத்த புள்ள அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க."

"முன்னெல்லாம் மெதுவா வந்தாலும் ரெண்டு மூணு பேராச்சும் வருவாங்களே," என்றார் டேவிட்ராஜ்.

அவர் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அந்த வரியை மறுபடி எழுதினாள். இருபது நொடி. தர்மன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது ஆள் பெங்களூரில் இருந்தார். மூன்றாவது பேரைப் பார்த்ததும் அவள் விரல் பழக்கத்தில் அழிக்கும் பட்டனுக்கே போய் நின்றது.

தர்மன் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினான். "கோகிலவாணி, இண்டூரு. பக்கந்தானுங்களே. போன் போடுங்க மேடம். அவங்க வருவாங்களாங்க?"

"வந்துட்டாங்க," என்றாள். டேவிட்ராஜ் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பைக் சாவியை எடுத்தார்.

ஊசி போட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நர்ஸ் சிரித்தாள். காவியா பிழைத்துக்கொண்டாள்.

கோகிலவாணிக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அவள் கட்டத்தில் இப்போது தேதி இருக்கிறது. நாலு மாதம் கழிந்தால் அந்த வரியை எடுத்தாலும் வைத்தாலும் அவள் பேர் வரும். அதற்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் இண்டூர் பஸ்ஸில் எண்ணிக்கொண்டு போகிறாள்.